மனநோயாளரும் கொள்ளைநோயும்

‘தொற்று’ என்னும் சொல் வினையாய் நிற்குங்கால் ஒன்றைப் பற்றிக்கொண்டு ஏறுதலையும், பெயராய் நிற்குங்கால் ஒருவரிடமிருந்து மற்றொருவரைச் சென்று பற்றும் நோயையும் குறிக்கின்றது. பற்றி ஏறுவதற்கு ஒரு கொழுகொம்பு வேண்டும். கொள்ளைநோய் ஒரு நாட்டிற் புகுமிடத்து அதற்குக் கொழுகொம்பாய் அமைவார் யாவர் என எண்ணுவோர், முதியோரையும் நீரிழிவு நோயினரையும் இதய நோயினரையும் எண்ணுவர். மனநோயாளரை எண்ணுவார் சிலரே. அவர்க்கு நேரும் இடரின் இயல்பையும் அதன் காரணங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு நிகழ்ச்சியை நோக்குவோம். 2020-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில், தென் கொரியாவின் தேகு நகருக்கு அணித்தாயுள்ள சொங்தோ என்னும் நாட்டுப்புறத்தில், ஒரு மருத்துவமனையின் பூட்டிய மனநோய்ப் பிரிவினுள் கோவிட் நோய் புகுந்தது. ஆங்கிருந்த நோயாளர் ஏறக்குறைய 100 பேர். அவருள் ஓரிருவர் நீங்கலாக அனைவரையும் அந்நோய் பற்றியது. கொரியாவில் அந்நோயால் முதன்முதல் இறந்தவர், அப்பிரிவிலேயே 20 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த ஒருவர். அவர் பெப்ருவரி 19-ஆம் நாள் இறந்தார். அவரைப் பற்றியது இன்ன நோய் என்பது அவர் இறந்த பின்னரே சோதனையால் தெளிவாயிற்று. அத்திங்கள் முடியுமுன் அம்மருத்துவமனையைச் சார்ந்த எழுவர் மாண்டனர்.

வெளியே செல்லாதவரை நோய் தீண்டாது என்றன்றோ நாம் கருதுகின்றோம்? அங்ஙனமாக, பூட்டிய கதவினுள் இருந்தாரை அது முந்திக் கொன்றது எவ்வாறு? இதற்குரிய காரணங்களை நான்காக வகுத்துக் கூறலாம்.

முதலாவது, இடம். சொங்தோவில் நோயாளர் பலர் ஓரறையில், கட்டிலின்றித் தரைமெத்தைகளில் அடுத்தடுத்துப் படுத்திருந்தனர். காற்றோட்டமும் போதியதாக இல்லை. இக்குறை அவ்வொரு மனைக்கே உரியதன்று. மனநோய்ப் பிரிவுகளில் நோயாளர் குதித்துவிடாவண்ணம் சாளரங்கள் அடைக்கப்பெறுதலுண்டு. எரிசாராயம் கலந்த கைகழுவு நீர்மத்தை எவரேனும் பருகிவிடக் கூடுமென்று அதனை எட்டாத இடத்தில் வைப்பர். உணவும் பேச்சும் பயிற்சியும் பொதுக்கூடத்திலேயே நடைபெறும். ஒருவகைக் காவலுக்காகச் செய்தவை மற்றொருவகைக் காவலைக் கெடுத்துவிடுகின்றன. பணியாளரோ நாடோறும் ஊரினின்று வந்து போவோர். பூட்டு மனிதரைத் தடுக்கும்; மூச்சைத் தடுக்காது.

இரண்டாவது, உடல். கடுமையான மனநோயுடையார் ஏனையோரினும் 10 முதல் 20 ஆண்டுகள் முன்னரே இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. புகைபிடித்தல், உடற்பருமன், நீரிழிவு, இதயநோய் என்பன அவரிடை மிகுதி; அவர் உண்ணும் மருந்துகளுட் சில உடலெடையையும் குருதிச் சர்க்கரையையும் கூட்டுவன. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தைச் சார்ந்த அறிஞர், 2020-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கோவிட் நோயுற்ற 7,348 பேரை ஆராய்ந்து, 2021-ஆம் ஆண்டு சனவரியில் தம் முடிவினை வெளியிட்டனர். பிற நோய்களின் விளைவைக் கணக்கிற் கழித்த பின்னரும், மனச்சிதைவு நோயினர் 45 நாட்களுள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 2.7 மடங்கு மிகுந்திருந்தது. அதனினும் வலிய காரணமாக நின்றது முதுமை ஒன்றே. ஆயினும் மனச்சோர்வு, பதற்றம் ஆகிய நோயினரிடம் அத்தகைய மிகுதி காணப்படவில்லை. ஆதலின் ‘மனநோயாளர்’ என எல்லாரையும் ஒரு கயிற்றாற் கட்டி உரைத்தல் பொருந்தாது.

மூன்றாவது, சொல். நெஞ்சு அடைக்கின்றது என்று ஒருவர் கூறினால் நாம் உடனே மருத்துவரை நாடுகின்றோம். மனநோயாளர் அதனையே கூறினால், கேட்போர் அதனை அவர்தம் பிதற்றலுள் ஒன்றாகவே கொள்ளுதல் கூடும். சிலர் தம் வலியை எடுத்துரைக்கவும் மாட்டார். இங்ஙனம் மனநோயின் நிழல் உடல்நோயை மறைத்துவிடுதலால், மருத்துவம் காலந்தாழ்த்தே வந்தடைகின்றது.

நான்காவது, மருந்து. பிற மருந்துகளுக்கு இணங்காத மனச்சிதைவிற்குக் குளோசபின் என்னும் மருந்தைக் கொடுப்பர். அது சிலரிடம் குருதியின் வெள்ளணுக்களைக் குறைத்துவிடுமாதலால், காலந்தோறும் குருதிச் சோதனை வேண்டப்படுகின்றது. ஊரடங்கின்போது அச்சோதனைக்குச் செல்லுதலே அரிதாயிற்று. மேலும், கடுந்தொற்று நேருமிடத்து அம்மருந்தைச் சிதைக்கும் ஈரலின் ஆற்றல் குன்றும். உண்ணும் அளவு மாறாதிருக்கவும் குருதியில் அதன் செறிவு ஏறி, உறக்கமும் மயக்கமும் மிகும். காய்ச்சல் கண்டால் அது தொற்றினால் வந்ததோ, வெள்ளணுக் குறைவினால் வந்ததோ என்னும் ஐயமும் எழும்.

இனி, தீர்க்கும் நெறி யாது? அறிந்தவுடன் செய்தல் இயலும் என்பதற்குச் சான்றுகள் உள. பிரித்தானியாவில் 2020-ஆம் ஆண்டு இறுதியில் தடுப்பூசிக்கு வரிசை வகுத்தபொழுது, கடுமையான மனநோயுடையாரை ஆறாம் பிரிவில் வைத்து, அவரொத்த வயதினர் பலர்க்கு முன்னரே அவர்க்கு இடமளித்தனர். அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம் 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் மனச்சிதைவு முதலியவற்றைக் கோவிட் இடரை மிகுவிக்கும் நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. சொங்தோ மக்கள் இறந்து ஓராண்டுக்கு மேற்பட்ட பின்னரே இச்சேர்க்கை நிகழ்ந்தது என்பதையும் மறத்தலாகாது.

மேற்கூறிய நான்கனுள், நோயினால் தளர்ந்த உடலை ஒருநாளில் திருத்துதல் அரிது. ஏனைய மூன்றும் பெரும்பாலும் நம் கையகத்தன. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடைவெளி விடுதலும், பாதுகாப்பான முறையிற் காற்றுப் புகச் செய்தலும், குருதிச் சோதனை இடையறாது நடக்க வகை செய்தலும் பெரும்பொருள் வேண்டுவன அல்ல. மனநோயாளர் ‘மூச்சு முட்டுகின்றது’ என்றால் அதனை மெய்யென்று கொண்டு உடனே நாடி பார்த்தலும், குருதியின் உயிர்வளியை அளந்து நோக்குதலும் அதனினும் எளியன. மனநோயாளரில் மிகப் பலர் மருத்துவமனையில் அல்லர். நம் இல்லங்களிலும் தெருக்களிலுமே வாழ்கின்றனர். ஆகையால் இக்கடமை மருத்துவர்க்கு மட்டுமே உரியதன்று. அடுத்த கொள்ளைநோய் வருமுன், நம் அயலில் அத்தகையோர் யாவர், அவர்க்கு மருந்து வாங்கித் தருவார் யாவர், அவர் சொல்லைக் கேட்பார் யாவர் என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிந்துவைத்தல் வேண்டும்.