ஊருக்குப் புறப்படும் முன்பே வரும் தலைவலி

"இந்த லீவுக்கு ஊருக்குப் போகலாமா?" என்று வீட்டில் யாராவது கேட்டால், எனக்கு மகிழ்ச்சிக்கு முன்னால் வருவது தலைவலிதான். தில்லியில் நம் அன்பர்கள் பலரும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்னைக்கு ஏறத்தாழ 2,200 கி.மீ. பெரும்பாலான விரைவு வண்டிகளில் 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய்ச் சேர்ந்ததும் களைப்பு வருவது இயற்கை. ஆனால் புறப்பட இரண்டு மாதம் இருக்கும்போதே களைத்துப் போவானேன்? நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கலுக்குக் கிளம்பினோம். ஊரில் இருக்கக் கிடைத்தது ஏழே நாள். தஞ்சாவூர்ப் பக்கம் என் அம்மா, மதுரையில் மனைவியின் பிறந்தகம், இடையில் குலதெய்வம், ஒரு கிரகப்பிரவேசம், "வந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வராமல் போவாயா?" என்று கேட்கும் சித்தப்பா, அத்தை வகையறா. எல்லாருக்கும் வருகிறோம் என்று சொல்லியாகிவிட்டது. காலையில் சென்ட்ரலில் இறங்கி, பிற்பகலில் எழும்பூரில் வண்டி மாறுவதாகக் கணக்கு. மூடுபனியில் வண்டி பத்து மணி நேரம் தாமதம். எழும்பூர் வண்டி போய்விட்டது. குழந்தைகளுடன் இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி போனோம்.

இழந்த நாளை எங்கேயாவது குறைக்க வேண்டுமே! அம்மா வீட்டில்தான் குறைத்தேன். அவள் கோபிக்கமாட்டாள் அல்லவா? கிளம்பும்போது, "ஸ்டேஷன்ல வண்டி நிக்கிற மாதிரி வந்துட்டுப் போறேப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மூடுபனியின் மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை. ஜனவரியில் வடக்கே வண்டிகள் தாமதமாகும் என்பது இங்கே வாழ்கிற எனக்குத் தெரியாததா? ஒரு நாளைக்கூடச் சும்மா விடாமல் திட்டம் போட்டதுதான் பிழை. இப்போது குளிர்காலத்தில் போனால் சென்னையில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள்தான் அடுத்த வண்டி.

நம்மில் பலர் முதலில் டிக்கெட்டைப் பற்றிக் கவலைப்படுகிறோம். உண்மையில் மனத்தை அரிப்பது டிக்கெட் அல்ல, முடிவு செய்யாமல் விட்ட விஷயங்கள். யார் வீட்டில் எத்தனை நாள் என்பதைக் கணவனும் மனைவியும் வண்டியில் ஏறியபின் பேசினால் அது சண்டையில்தான் முடியும். நாங்கள் இப்போது ஒரு மாலை உட்கார்ந்து, இரு பெற்றோருக்கும் உரிய நாட்களை முதலில் எழுதிவிடுகிறோம். அதில் கை வைப்பதில்லை. மற்ற உறவினருக்கு, "இந்த நாளில் அம்மா வீட்டில் இருப்போம், முடிந்தால் நீங்கள் வாருங்கள்" என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுகிறோம். முதலில் சிலருக்கு வருத்தம்தான். அத்தை ஒருவர் ஓராண்டு பேசவில்லை! பிறகு அவரே பலகாரத்துடன் வந்து சேர்ந்தார்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தில்லிப் பள்ளிகளுக்கு மே நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை விடுமுறை. தமிழ்நாட்டிலோ ஏப்ரல் இறுதியில் விட்டு ஜூனில் திறந்துவிடுவார்கள். ஜூன் பிற்பகுதியில் போனால் நம் பிள்ளைகள் அத்தை பிள்ளைகளின் புத்தகப் பையைத்தான் பார்க்கலாம். வெயிலைப் பொறுத்துக்கொண்டு மே கடைசியில் போவதே மேல் என்பது என் கட்சி.

இனி டிக்கெட். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். மே 20 பயணத்துக்கு மார்ச் 21 காலை 8 மணிக்குப் பதிவு திறக்கும். ஆனால் இந்த எண்ணிக்கை வண்டி புறப்படும் ஊரிலிருந்து தொடங்குவது. கன்னியாகுமரியில் 19ஆம் தேதி மாலை கிளம்பி 20 காலை சென்னைக்கு வரும் வண்டியில் சென்னையில் ஏறுகிறவருக்கு மார்ச் 20லேயே திறந்துவிடும். இது தெரியாமல் ஒரு நாள் தாமதித்துக் காத்திருப்புப் பட்டியலில் சிக்கியவர்கள் பலர். இணையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட் அட்டவணை தயாரான பின்னும் உறுதியாகாவிட்டால் தானே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு வண்டி ஏற முடியாது. ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், உட்கார இடம் உண்டு. தத்கால் இருக்கிறதே என்று அலட்சியமாக இருப்பதும் ஆபத்து. 2025 ஜூலை முதல் இணையத்தில் தத்கால் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அதை அவசரத்தில் செய்யாமல் இப்போதே முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவரை அழைத்துச் செல்பவர்களுக்கு ஒன்று. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவருடனோ ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் அது கிடைக்கும். குடும்பம் முழுவதையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். அப்படிப் போட்டு என் மாமியாரை நடுப்படுக்கையில் ஏற்றி இறக்கிய பாடு எனக்குத்தான் தெரியும்.

மூட்டை முடிச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். போகும்போது சோன் பப்டியும், வரும்போது வடகமும் நல்லெண்ணெயும். நல்லெண்ணெய் டப்பாவைத் துணிப்பெட்டியில் வைக்காமல் இருந்தால் சரி.

இந்த மே மாதப் பயணத்துக்காக எங்கள் நாட்காட்டியில் மார்ச் 21ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறோம். பக்கத்தில் என் மனைவி எழுதியிருப்பது: அம்மா வீடு நான்கு நாள், மதுரை நான்கு நாள். அதற்குக் கீழே இரண்டு நாள் காலியாக இருக்கிறது. சித்தப்பா போன் செய்தார், இன்னும் அதை நிரப்பவில்லை.