கப்பல் அறையில் கொல்லைப்புறம் இல்லை

வாலாஜாபாத்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. 

சென்னைத் துறைமுகத்திலிருந்து விசாகப்பட்டினம் போய்வரும் சொகுசுக் கப்பலில் இடம் போட்டிருப்பதாக உன் அம்மா சொன்னாள். கேட்கவே மனம் நிறைந்தது. கல்யாணம், வேலை என்று பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போவதற்கு முன் சேர்ந்து போகிறீர்கள். ஆனால் நாலு பேருக்கும் ஒரே அறை என்றதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் பேசினால் பாதி மறந்துபோகும். கடிதத்தை எடுத்துத் திரும்பவும் படிக்கலாம்.

2022 ஜூனில் முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிய எம்ப்ரஸ் கப்பல்தானே அது? 1990இல் பிரான்சில் கட்டியது. பதினொரு தளங்கள், ஏறத்தாழ 800 அறைகள். அவ்வளவு பெரிய கப்பலில் உங்கள் பங்குக்கு வருவது நம் சமையலறை அளவு இடம். கீழே இரண்டு கட்டில், சுவரிலிருந்து இறக்கிவிடும் மேல்படுக்கை இரண்டு, ஒரே குளியலறை. உள்பக்க அறை என்றால் ஜன்னலும் இருக்காது. அதில் 24 வயதுப் பெண்ணும் 20 வயதுப் பையனும் தாய் தகப்பனோடு இருக்க வேண்டும்.

நானும் உன் அம்மாவும் அய்யம்பேட்டையில் வளர்ந்த வீட்டை நீ பார்த்ததில்லை. கூடத்தில் பாதியைக் குழித்தறி அடைத்திருக்கும். மீதியில் ஏழு பேர். அப்பா விடியலில் தறிக்குழியில் காலை இறக்குவதற்குள் எங்கள் பாய்கள் சுருட்டியாகிவிடும். அண்ணன்கள் தெருவில் பாவு நீட்டி வேலை செய்யும் நேரம்தான் நாங்கள் குளித்து, தலைவாரி, உடை மாற்றும் நேரம். ராத்திரி திண்ணை அவர்களுக்கு, கூடம் எங்களுக்கு. சுவர் எழுப்பி இடத்தைப் பிரிக்க வழியில்லை. அதனால் நேரத்தைப் பிரித்துக்கொண்டோம். வயது வந்த ஏழு பேர் மானத்தோடு வாழ்ந்தது அப்படித்தான்.

இவ்வளவும் தெரிந்த நானே கப்பலில் ஒரு தவறு செய்தேன். பல வருடங்களுக்கு முன் நாங்கள் நால்வரும் அந்தமானுக்கு அரசுக் கப்பலில் போனோம். கீழே இரண்டு, மேலே இரண்டு படுக்கை உள்ள அறை. அப்போது போர்ட் பிளேர் போய்ச் சேர மூன்று நாள் ஆனது. இரண்டாம் நாள் இரவு, என் மகனிடம் கல்லூரி அரியரைப் பற்றிக் கேட்டேன். அவன் தங்கை மேல்படுக்கையில் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். உன் பெரியப்பாவும் சேர்ந்துகொண்டார். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து மேல்தளத்துக்குப் போனவன் விடியும்வரை கீழே வரவில்லை. நடுக்கடலில் பிள்ளையைக் காணாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டில் மனம் கசந்தால் கொல்லைப்புறத்துக்குப் போய் நிற்கலாம், தெருமுனைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். கப்பல் அறையில் கொல்லைப்புறம் இல்லையம்மா. அங்கே சொன்ன சொல், சொன்ன இடத்திலேயே நிற்கும்.

அதனால் முதலில் இதைக் கேள். அந்த அறையில் கல்யாணப் பேச்சு, மார்க் பேச்சு, சம்பளப் பேச்சு எதுவும் வேண்டாம். பேசியே ஆக வேண்டும் என்றால், யாரிடம் பேச வேண்டுமோ அவரை மட்டும் மேல்தளத்துக்குக் கூட்டிப் போய்ப் பேசு.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், ஒரே பெரிய அறைக்குப் பதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உள்பக்க அறை கிடைக்குமா என்று கேள். பால்கனியைவிட இரண்டாவது குளியலறை உனக்கு அதிகம் உதவும். நீயும் மகளும் ஒன்றில், அப்பாவும் பிள்ளையும் ஒன்றில் இருக்கலாம்.

ஒரே அறைதான் என்றால், குளியலறை முறையை முதல் நாள் இரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மகள் உடை மாற்றும்போது ஆண்கள் இருவரும் காபிக்குப் போகட்டும். அவள் வாய்திறந்து கேட்கும்படி வைக்காதே. அந்த நாட்கள் வந்துவிட்டால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் தனிமை வேண்டும். அதை நீயாகப் பார்த்துச் செய். பெட்டி பெரிதாக வேண்டாம். துணிப்பை என்றால் மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். மேல்படுக்கை பிள்ளைகளுக்கு, மூட்டுவலியோடு நீ ஏணி ஏறாதே. ஜன்னல் இல்லாத அறையில் பகலும் இரவும் ஒரே இருட்டு. சின்ன விளக்கு ஒன்று கொண்டுபோ. உன் வீட்டுக்காரர் குறட்டைக்குக் காதில் வைக்கப் பஞ்சு எடுத்துக்கொள். தலைசுற்றினால் அறைக்குள் முடங்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரையை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள். கிளம்பும்போது நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கு நால்வரும் தவறாமல் போங்கள்.

பிள்ளைகளை நாள் முழுக்கப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஆசைப்படாதே. இவ்வளவு செலவு செய்து கூட்டி வந்தோமே என்று உனக்குத் தோன்றும். ராத்திரிச் சாப்பாடு ஒன்றை மட்டும் சேர்ந்து சாப்பிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரம் அவரவர் விருப்பம். பையன் நள்ளிரவில் வந்தால் எங்கே போனாய் என்று விளக்கைப் போடாதே. காலை எட்டு மணிவரை தூங்கினால் போர்வையை இழுக்காதே. உன் மகள் அலுவலகத்தில் பொறுப்பான வேலை பார்ப்பவள்; அறையின் அளவைப் பார்த்து அவளைப் பழைய குழந்தையாக்கிவிடாதே.

அந்தமானிலிருந்து திரும்பும்போது என் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். மேல்தளத்தில், அவன் ஒருவனிடம் மட்டும். அன்றைக்கு அவன் பேசியதுபோல் அதற்குமுன் என்னிடம் பேசியதே இல்லை. உனக்கு அந்தப் பேச்சு முதல் நாளிலேயே வாய்க்கட்டும்.

கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் உட்கார்ந்து இந்த முறைகளைப் பேசுங்கள். நீ சொல்லி முடித்துவிடாதே. முதலில் பிள்ளைகளைச் சொல்ல விடு.

ஆசிகளுடன்,
பெரியம்மா