இந்த மாதப் பாடம்: கடன் இல்லாமல் ஒரு சுற்றுலா



முழுப் பரீட்சை நெருங்கினாலே நம் வீடுகளில் ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். "அம்மா, இந்த லீவுக்கு பிளாக் தண்டர் போலாமா?" பக்கத்து வீட்டுப் பையன் போய் வந்திருப்பான். கூடப் படிக்கிற பிள்ளை அலைக்குளத்தைப் பற்றி ஒரு வாரம் கதை சொல்லியிருக்கும். நாமும் "பாக்கலாம் கண்ணு" என்று சொல்லி நாளைத் தள்ளிக்கொண்டே போவோம். ஒரு நாள் திடீரென்று கிளம்பிவிடுவோம். கணக்கு அதற்குப் பிறகுதான் வரும்.

இந்த மாதம் அந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பழகுவோம்.

நம் கூட்டமைப்பில் நடந்தது

இரண்டு வருசத்துக்கு முன்னால் நம் குழு ஒன்றில் நடந்ததை, அந்த உறுப்பினர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறோம்.

வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். அக்கா தோட்டத்து வேலைக்குப் போகிறார், இரண்டு மாடு வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். மே மாதம் ஒரு திங்கட்கிழமை பேச்சு வந்தது, ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டார்கள். கையில் பணமில்லை. வாரக் கடன் 10,000 ரூபாய் எழுதி வாங்கினார். முன்னாலேயே 1,500 ரூபாய் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய்தான் கையில் கொடுத்தார்கள். வாரம் 1,000 ரூபாய் வீதம் 10 வாரம் கட்ட வேண்டும்.

மாமியாரும் நாத்தனார் மகளும் சேர்ந்துகொள்ள நான்கு பேர் ஆறு பேர் ஆனார்கள். வேன் பிடித்தார்கள். சேலையோடும் பருத்தித் துணியோடும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது வாசலில்தான் தெரிந்தது. அங்கேயே நைலான் உடை வாங்கினார்கள். கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தை உள்ளே விடவில்லை. மதியச் சாப்பாடும் விலைக்குத்தான். சாயங்காலம் வீடு திரும்பும்போது கையில் மிச்சம் 140 ரூபாய்.

சுற்றுலா ஒரு நாளில் முடிந்தது, கடன் பத்து வாரம் நின்றது. மூன்று வாரம் குழுச் சந்தா கட்ட முடியவில்லை. ஏழாவது வாரம் "மாட்டுத் தீவனம்" என்று சொல்லி உள்கடன் 5,000 ரூபாய் வாங்கி, அதில் வாரக் கடனை அடைத்தார். அடுத்த மாதக் கூட்டத்தில் அவரே எழுந்து உண்மையைச் சொல்லி அழுதுவிட்டார்.

"குழுவுல கேட்டா, ஊர் சுத்தறதுக்குக் கடனான்னு சிரிப்பீங்கன்னு நெனச்சேன்ங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார்: "இத்தனைக்கும் நான் தண்ணியில கால் வைக்கலீங்க. எல்லாரும் நனைஞ்சாங்க. நான் பை நனையாமப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் குழுவில் மூத்த அம்மா ஒருவர் சொன்னார்: "அடுத்த வருசம் நாங்களும் வர்றோம் அம்மிணி. ஆளுக்கு ஒரு மணி நேரம் பையப் பாத்துக்கலாம்."

இதில் நாம் படிக்க வேண்டியது என்ன?

முதலாவது, ஆசை தப்பல்ல. கோயில் நோம்பிக்குச் செலவு செய்கிறோம், சீருக்குச் செலவு செய்கிறோம். பிள்ளைகளோடு ஒரு நாள் சிரித்துவிட்டு வருவதும் குடும்பத்துக்கு வேண்டியதுதான். அமெரிக்காவில் 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்த காலத்திலிருந்து அங்குள்ள குடும்பங்களுக்கும் இதே பாடுதான். வருசக்கணக்கில் சேர்த்துப் போகிறவர்களும் உண்டு, கடன் அட்டையில் போய்விட்டு வந்து தவிக்கிறவர்களும் உண்டு.

இரண்டாவது, வெட்கத்துக்கும் விலை உண்டு. 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் வட்டி வாங்கும் குழுவில் அதே 8,500 ரூபாயை வாங்கிப் பத்து வாரத்தில் கட்டியிருந்தால், வட்டி 200 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். வெளியில் போனது 1,500 ரூபாய். உண்மையைச் சொல்லிக் கேட்க முடியாததால் அந்தக் குடும்பம் கூடுதலாக இழந்தது 1,300 ரூபாய். இதில் அந்த அக்காவின் தவறு மட்டுமில்லை. உறுப்பினர் மனம் விட்டுக் கேட்கிற மாதிரி குழு இருந்ததா என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, அம்மாவுக்குப் பங்கில்லாத சுற்றுலா, குடும்பச் சுற்றுலா ஆகாது.

படி 1: எங்கே போகிறோம்?

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். கோவை மாவட்டத்துக்காரர்களுக்குப் பக்கம் மேட்டுப்பாளையத்தில் ஊட்டி சாலையில் உள்ள பிளாக் தண்டர். காலையில் போய் இரவு வீடு திரும்பிவிடலாம். சிறுவாணி சாலைப் பக்கம் கோவை கொண்டாட்டம் இருக்கிறது. கொச்சியில் உள்ள வொண்டர்லா, 2000-ஆம் ஆண்டில் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியது. சென்னையிலும் 2025 டிசம்பரில் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். தூரம் அதிகமானால் தங்கும் செலவு, இரண்டு நாள் கூலி, மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் சேரும். முதல் தடவைக்குப் பக்கத்து ஊர் போதும்.

"மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்தாச்சு, அப்படியே ஊட்டியும் பாத்துட்டு வந்துடலாம்" என்று திணிக்காதீர்கள். இரண்டையும் அரைகுறையாகத்தான் பார்ப்போம். அது இன்னொரு வருசத்துக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், ஊட்டி வரை 1908-இலும் வந்த மலை ரயில் இன்றும் ஓடுகிறது. அதில் போக முன்பதிவு வேண்டும். வேனில் மலை ஏறுவதானால், 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் முறை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

படி 2: செலவுப் பட்டியல்

கணக்குப் பழகுவதற்காக ஒரு மாதிரிப் பட்டியல் தருகிறோம். பெரியவர்கள் 2, பிள்ளைகள் 2. கட்டணம் பூங்காவுக்குப் பூங்கா, நாளுக்கு நாள் மாறும். போன் செய்து கேட்டு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நுழைவுச் சீட்டு – ரூ. 3,000
பேருந்து – ரூ. 250
குளிக்கும் உடை, பெட்டி வாடகை – ரூ. 450
சாப்பாடு, டீ – ரூ. 800
கைச்செலவு, அவசரம் – ரூ. 500
மொத்தம் – ரூ. 5,000

இந்தப் பட்டியலில் வராத ஒரு செலவு உண்டு. அது நாம் போகாத வேலைக்கான கூலி. கணவன், மனைவி இரண்டு பேரும் ஒரு நாள் வேலையை விட்டால் அந்த வாரச் சாமானுக்கும் சந்தாவுக்கும் இடிக்கும். அதையும் சேர்த்தே யோசியுங்கள்.

போன் செய்யும்போது கேட்க வேண்டியவை:
1. சொல்லும் கட்டணம் வரி சேர்த்தா, சேர்க்காமலா?
2. பிள்ளைகளுக்குக் கட்டணம் வயசை வைத்தா, உயரத்தை வைத்தா? (பல பூங்காக்களில் உயரத்தை அளந்துதான் சீட்டு தருகிறார்கள்.)
3. கூட்டமாக வந்தால் சலுகை உண்டா? எத்தனை பேர் வேண்டும்?
4. எந்த உடைக்கு அனுமதி? வீட்டிலிருந்து கொண்டு வரலாமா?
5. சாப்பாடு கொண்டு வரலாமா? கைக்குழந்தைக்குக் கஞ்சி, பால்?
6. பெட்டிக்கு முன்பணம் எவ்வளவு? திருப்பித் தருவார்களா?

படி 3: சேமிப்பு

5,000 ரூபாய் என்றால் மலைப்பாக இருக்கும். வாரம் 100 ரூபாய் என்றால் 50 வாரம். இந்த லீவு முடிந்ததும் ஆரம்பித்தால் அடுத்த லீவுக்குப் பணம் தயார். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாத்தா கொடுக்கிற பத்து ரூபாயை அவர்களே கொண்டுவந்து போடட்டும்.

இந்தப் பணத்தைக் குழுவின் வழக்கமான சேமிப்போடு கலக்கக் கூடாது. கலந்தால் உள்கடன் கணக்கும் தணிக்கையும் குழம்பும். மாதச் சேமிப்புக்கு மேல் விருப்பப்பட்டவர்கள் தனியாகச் சேமிக்கும் "விருப்பச் சேமிப்பு" முறைக்கு 2012-இல் நபார்டு வழிகாட்டுதலிலேயே இடம் தந்திருக்கிறார்கள். விருப்பம் உள்ளவர்கள் பெயரை எழுதி, தனி நோட்டுப் போட்டு, வாரா வாரம் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்திலும் எழுதுங்கள். குழுவில் ஒத்துவரவில்லை என்றால் உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் போடுங்கள். அரிசிப் பானைக்குள் வைத்த பணம் ஐம்பது வாரம் தாங்காது!

கடைசியில் 500, 1,000 குறைந்தால் குழுவில் கேளுங்கள். "சுற்றுலா" என்று உண்மையான காரணத்தையே சொல்லி எழுதுங்கள். வாரக் கடன் மட்டும் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. பொருட்காட்சியிலும் கடைகளிலும் கூப்பன் எழுத வைத்துவிட்டு, "உங்களுக்கு இலவசச் சுற்றுலா விழுந்திருக்கு, கணவன் மனைவியா வாங்க" என்று போன் வரும். போனால் பெரிய தொகைக்கு உறுப்பினர் அட்டை வாங்கச் சொல்லி மணிக்கணக்கில் பேசுவார்கள். வீட்டில் கலந்து பேசாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 4: நாளும் வண்டியும்

மே மாத ஞாயிறு என்றால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் வரிசையில்தான் பாதி நாள் போகும். வேலை நாளில் போனால் கூட்டம் குறைவு, ஆனால் கூலி போகும். தோட்டத்து வேலை ஓய்ந்திருக்கும் வாரம், தறிக்குப் பாவு மாற்றும் நாள் என்று பார்த்துத் தேதி குறியுங்கள். மாதவிலக்கு நாளையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயிலும் உண்டு. ஐந்தாறு குடும்பம் சேர்ந்து பேருந்திலோ ரயிலிலோ போனால் வேன் வாடகை மிச்சம்.

படி 5: தண்ணீரில் கவனம்

- தங்க நகை வேண்டாம். மூக்குத்தி, கொலுசு, தாலிச்சரடு எல்லாம் சறுக்கில் மாட்டிக்கொள்ளும். எதைக் கழற்றுவது, எங்கே வைப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்.
- கர்ப்பிணிகள், இருதய நோய், ரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள், புதிதாக அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் வேகமான சறுக்கிலும் ராட்டினத்திலும் ஏற வேண்டாம்.
- அலைக்குளத்தில் சின்னப் பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். காவலர் இருக்கிறார் என்று பெற்றவர்கள் செல்போன் பார்க்கக் கூடாது.
- வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே தண்ணீரில் இறங்காதீர்கள்.
- கூட்டத்தில் பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடத்தை உள்ளே போனதுமே காட்டிவிடுங்கள். பிள்ளைக்கு உங்கள் போன் நம்பர் மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.
- மிக முக்கியமானது: திரும்பும்போது "ஆத்துல ஒரு முங்கு போட்டுட்டுப் போலாம்" என்று பவானியில் இறங்காதீர்கள். பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் மேட்டுப்பாளையத்தில் ஆறு திடீரென்று ஏறும். பார்ப்பதற்கு அமைதியாக ஓடும் அந்த ஆறு எத்தனையோ குடும்பங்களில் பிள்ளைகளைக் கொண்டு போயிருக்கிறது.

படி 6: அம்மாவின் முறை

கிளம்புவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: யார், எந்த நேரம் பையைப் பார்த்துக்கொள்வது? 11 முதல் 12 வரை அப்பா. 12 முதல் 1 வரை மாமியார். இப்படி எழுதவில்லை என்றால் அந்த வேலை தானாக அம்மா தலையில் விழும். காலை நாலு மணிக்கு எழுந்து தனியாகச் சமைப்பது, பிள்ளைகளைக் கிளப்புவது, வந்த பிறகு ஈரத்துணி அலசுவது எல்லாவற்றிலும் பங்கு பிரியுங்கள். உங்களுக்கும் சேர்த்தே உடை எடுத்து வையுங்கள். "எனக்கெதுக்கு, வயசாச்சு" என்று சொல்லாதீர்கள். நுழைவுச் சீட்டுக்கு உங்களுக்கும் முழுப் பணம்தான் கொடுத்திருக்கிறோம்!

5,000 ரூபாய் முடியாதவர்களுக்கு

பவானிசாகர் அணைப் பூங்கா இருக்கிறது. கோபிப் பக்கம் கொடிவேரி இருக்கிறது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் வர மிகக் குறைந்த செலவே ஆகும். கொடிவேரியில் தண்ணீர் அதிகமாக வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், கேட்டுக்கொண்டு போங்கள். பிள்ளைகளிடம் "இந்த வருசம் இவ்வளவுதான் முடியும்" என்று கணக்கைக் காட்டியே சொல்லுங்கள். கணக்கு தெரிந்த பிள்ளை அடம் பிடிப்பது குறையும்.

அந்தக் குழு என்ன ஆனது?

அந்த அக்காவின் உள்கடன் ஒழுங்காக முடிந்துவிட்டது. ஆறு குடும்பம் வாரம் 100 ரூபாய் சேர்த்தது. அடுத்த வருசம் பேருந்தில் போய் வந்தார்கள். மூத்த அம்மா சொன்னபடியே முதல் ஒரு மணி நேரம் பைகளோடு உட்கார்ந்தார். அந்த அக்கா அலைக்குளத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த கூட்டத்தில் அவர் கட்ட வேண்டிய பாக்கி ஒன்றுமில்லை.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. உண்மையான காரணத்தைச் சொல்லிக் கடன் கேட்க நம் குழுவில் யாருக்காவது தயக்கம் இருக்கிறதா? ஏன்?
2. நம் ஊரிலிருந்து போய்வர உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும்? பட்டியல் போடுங்கள்.
3. விருப்பச் சேமிப்பு நோட்டு ஆரம்பிக்கலாமா? யார் எழுதுவது?
4. கடைசியாக வீட்டுக்கு வெளியே ஒரு நாள் முழுக்க நீங்கள் சந்தோசமாக இருந்தது எப்போது?

நான்காவது கேள்விக்கு ஒவ்வொருவரும் பதில் சொல்ல நேரம் கொடுங்கள். வருகிற பதில்களை உங்கள் குழுப் பிரதிநிதி மூலம் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.