நீராவி ஊரில் எதைப் படிப்பது?

போன ஜூன் மாதம் ஆம்பூரில் என் வீட்டுக்கு ஒரு தகப்பனார் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். பையன் மெக்கானிக்கல் டிப்ளமோவை நல்ல மார்க்கோடு முடித்திருந்தான். "புதுப்பிக்கத்தக்க ஆற்றல்னு தனிப் பட்டமே இருக்குதாம் சார். இனிமே எல்லாம் சோலார்தான்னு சொல்றாங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி உங்கள ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன்" என்றார். வீட்டம்மாவின் நகையை அடகு வைக்கத் துணிந்திருந்தார். பையனிடம் "உனக்கு எது பிடிக்கும் தம்பி?" என்று கேட்டேன். "அப்பா சொல்றதுதான் சார்" என்றான். அந்த ஒரு மாதத்தில் இப்படி நான்கு குடும்பங்கள் வந்தன. அவர்களிடம் சொன்னதைத்தான் எழுதி வைக்கிறேன்.

வழக்கமான வழிகளை நான் விளக்க வேண்டியதில்லை. தொரப்பாடி அரசு பாலிடெக்னிக், பாகாயம் அரசு பொறியியல் கல்லூரி, ஐடிஐ ஃபிட்டர், கிண்டியில் தோல் தொழில்நுட்பம் எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்தவை. எதில் சேர்ந்தாலும் கெட்டுப்போக மாட்டீர்கள். என் கவலையெல்லாம் அந்தப் புதுப் பெயர் போட்ட பட்டத்தைப் பற்றியது.

சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரி இல்லை. கமுதியில் 2016ல் 648 மெகாவாட் நிலையம் எழுந்தபோது மகிழ்ந்தவன்தான். ஆனால் நம் ஊர்களுக்கு முதலில் வேண்டியது மின்சாரமா, வெப்பமா? வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்த டேனரிக்குள் போனாலும் சாயம் ஏற்றும் டிரம்முக்கு வெந்நீர் வேண்டும், தோல் உலர்த்த வேக்கம் டிரையருக்குச் சூடு வேண்டும். 1996ல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் பாலாற்றில் விட்டுவிட்டுத் தொழில் நடத்தச் சட்டப்படி வழியில்லாமல் போயிற்று. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. பிரித்துத் தள்ளும் உப்பு நீரை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறார்கள். அதற்கும் நீராவிதான். ஆற்றைக் காப்பாற்றும் வேலையே பாய்லரை நம்பி நடக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு ஒரு டன் நீராவி எடுக்க ஏறத்தாழ 700 கிலோவாட் வெப்பம் வேண்டும். ஒரு கிலோவாட் சோலார் தகட்டுக்குக் கூரையில் சுமார் 100 சதுர அடி போகும். ஒரு டன்னுக்கே 70,000 சதுர அடி ஆகிறது. அதுவும் உச்சி வெயிலில் மட்டும். இரவு ஷிஃப்டுக்கு என்ன செய்வது? கூரையில் சூரிய வெந்நீர்க் கலம் வைத்து பாய்லருக்குப் போகும் நீரைச் சூடாக்கலாம், அது நல்ல யோசனை. ஆனால் அதையும் வெப்பம் தெரிந்தவன்தான் செய்ய முடியும்.

அந்தப் பட்டத்தின் குறை இங்கேதான் இருக்கிறது. நான் பார்த்த பாடத்திட்டங்களில் காற்றாலை, சோலார், பேட்டரி, கொள்கை, சந்தை என்று எல்லாவற்றையும் ஒரு வாய் ஊட்டியிருந்தார்கள். வெப்ப இயக்கவியலுக்கு ஒரே பருவம். வெப்பப் பரிமாற்றம் விருப்பப் பாடம். நான்கு ஆண்டு முடித்து வந்த ஒரு பிள்ளையிடம் உலர்ந்த நீராவிக்கும் ஈர நீராவிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். தலை குனிந்துகொண்டான். அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? இன்னொன்று, அரசு நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளை எடுத்துப் படியுங்கள். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று பிரிவின் பெயரைப் போட்டே கேட்பார்கள். உங்கள் பட்டத்தின் பெயர் அந்த வரிசையில் இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே பாருங்கள், சேர்ந்த பிறகு பார்த்துப் பலனில்லை.

முப்பது வருடம் பாய்லர் வெக்கையில் நின்றவன் நான். அதனால் என் பேச்சு ஒரு பக்கம் சாயும், சாயட்டும். நான் வேலை பார்த்த ஒரு டேனரியில் ஃபர்னஸ் ஆயில் விலை தாங்காமல் விறகுக்கும் உமிக்கும் மாறினார்கள். புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்று முதலாளிக்குப் பெருமை. மழைக்காலத்தில் வெட்டிய சீமைக் கருவேலம் பச்சையாகவே லாரியில் வந்து இறங்கியது. ஒரு கிலோ விறகில் 400 கிராம் தண்ணீர் இருந்தால் எரிவது 600 கிராம்தான். அது தரும் வெப்பத்திலும் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். பிரஷர் ஏறவில்லை என்று இன்னும் விறகைத் திணித்தார்கள். புகை கறுத்தது, குழாய்களில் கரி அப்பியது. 3 மில்லிமீட்டர் கரி படிந்தாலே எரிபொருள் 2.5 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். உமியின் சாம்பலில் சிலிக்கா அதிகம், அது குழாயை மணல் தேய்ப்பதுபோல் தேய்க்கும். ஒன்றரை வருடத்தில் இரண்டு குழாய்கள் ஓட்டையாயின. தவறு எரிபொருளில் இல்லை. அதை உலர்த்தத் தெரியவில்லை, காற்றை அளந்து விடத் தெரியவில்லை. விறகைக் கொட்டகைக்குள் அடுக்கி, புகைபோக்கியில் வெப்பமானி வைத்து, வீணாக ஓடிய கண்டன்சேட்டை, அதாவது நீராவி குளிர்ந்து வரும் வெந்நீரை, திருப்பி பாய்லரின் ஃபீட் டேங்குக்குக் கொண்டுவந்தோம். புகையின் சூடு 22 டிகிரி இறங்கினால் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம். ஃபீட் வாட்டர் 6 டிகிரி ஏறினால் இன்னொரு 1 சதவீதம். மறுமழைக்குள் விறகு லாரி வருவது கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

பெரிய மின் நிலையங்களிலும் இதே பாடம்தான், அளவுதான் வேறு. பழைய நிலக்கரி நிலையத்தில் வெப்பத்தின் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மின்சாரமாகிறது, பெரும்பங்கு கண்டன்சரில் போய்விடுகிறது. 2024 மார்ச்சில் தொடங்கிவைத்த 800 மெகாவாட் வடசென்னை மூன்றாம் நிலை, நீரின் மாறுநிலை அழுத்தமான 221 பாரைத் தாண்டி ஓடுவது இந்த இழப்பைக் கொஞ்சமாவது குறைக்கத்தான். 2021ல் மத்திய மின்துறை நிலக்கரியோடு விவசாயக் கழிவு உருண்டைகளைக் கலந்து எரிக்கச் சொன்னது. அதைச் செய்து காட்டப் போகிறவர்கள் பாய்லர்காரர்கள். ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலை பாய்லர்களுக்கான விசிறியும் சாம்பல் பிடிக்கும் கருவியும் நம் வாசலிலேயே செய்கிறது.

ஆகவே என் தேர்வு இது. மெக்கானிக்கலில் டிப்ளமோவோ பட்டமோ முடியுங்கள். பிறகு ஏசி அறையைத் தேடாமல் ஒரு பாய்லர் ஹவுஸில் சேருங்கள். அனுபவம் சேர்ந்ததும் பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் சான்றிதழுக்கு எழுதுங்கள். படிப்பு அதிகம் இல்லாதவர்களுக்கு அட்டெண்டன்ட் சான்றிதழ் இருக்கிறது, இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏறலாம். இதைச் சடங்கு என்று நினைக்காதீர்கள். 2020 ஜூலை 1ல் நெய்வேலியில் பாய்லர் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தக் காகிதம் உயிர்களுக்குப் பொறுப்பேற்கும் காகிதம். அதன் பிறகு மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு நடத்தும் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வு. நான்கு தாள், அதில் ஒன்று முழுக்க வெப்பச் சாதனங்கள். பட்டதாரிக்கு 3 ஆண்டு, டிப்ளமோகாரருக்கு 6 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். ஆறு வருடமா என்று மலைக்காதீர்கள். நெருப்பின் நிறத்தைப் பார்த்துக் காற்று போதுமா என்று சொல்ல எனக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது. ஒரு கை வேலை உடம்பில் ஊறக் காலம் வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் இரண்டே வருடத்தில் பெங்களூரில் சம்பாதிக்கிறான் என்று உங்கள் வீட்டில் பேசுவார்கள், அந்தப் பேச்சைத் தாங்க வேண்டியிருக்கும். பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையின் கை எதன்மேல் தானாகப் போகிறது என்று பாருங்கள். மிக்ஸி கெட்டால் திருகாணியைக் கழற்றுகிறதா, தள்ளி வைத்துவிட்டுக் கதைப் புத்தகம் எடுக்கிறதா? இரண்டாவது என்றால் அதை பாய்லர் பக்கம் அனுப்பாதீர்கள், என் பேச்சைக் கேட்டும் அனுப்பாதீர்கள்.

முடிவெடுக்கும் முன் தெரிந்தவர் மூலம் அனுமதி கேட்டு ஒரு டேனரியின் பாய்லர் ஹவுஸில் ஒரு பகல் முழுக்க நில்லுங்கள். பெண்பிள்ளைகளும் போகலாம், தகப்பனாரும் கூடப் போகட்டும். புகையின் சூடு எத்தனை, ஃபீட் வாட்டர் சூடு எத்தனை, விறகு எங்கே அடுக்கியிருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பாலியெஸ்டர் வேண்டாம். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள்.