தீக்காக்கை

திருப்பூரை அடுத்த நல்லூரில் வாழ்வார்க்குப் பறவைகள் புதியன அல்ல. அருகிலுள்ள நஞ்சராயன் குளத்திற்குக் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் பல வருகின்றன. அக்குளம் 2022-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கே கரையில் நின்றாலே பறவைகளைக் கண்டு மகிழலாம். ஆயின், தேடிச் சென்றும் எளிதிற் காண இயலாத பறவைகளும் உள. அவற்றுள் ஒன்று தீக்காக்கை.

பெயர் காக்கை என்றிருப்பினும், இது டிரோகன் என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களின் வெப்பக் காடுகளில் அக்குடும்பத்துப் பறவைகள் வாழ்கின்றன. குவாத்தமாலா நாட்டின் தேசியப் பறவையாகிய குவெட்சாலும் அவற்றுள் ஒன்று. அந்நாட்டு நாணயமும் அப்பறவையின் பெயரையே பெற்றுள்ளது. நம் தீக்காக்கை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் காணப்படுகின்றது.

திருப்பூருக்குத் தெற்கே ஆனைமலைத் தொடர் உயர்ந்து நிற்கின்றது. அங்கே ஈரம் மிகுந்த பள்ளத்தாக்கு ஒன்றில், வனத்துறையின் இசைவு பெற்று, பறவை ஆர்வலர் சிலர் விடியற்காலையில் நடக்கின்றனர் என்று கொள்வோம். நாமும் அவர்களைப் பின்தொடர்வோம். வழிகாட்டி முன்னே செல்கின்றார். எவரும் பேசுவதில்லை, சருகின் ஓசையும் எழாவண்ணம் அடி பெயர்க்கின்றனர்.

அவர்கள் தேடும் ஆண் பறவையின் வயிறு தழல்போற் சிவந்தது. தலையும் மார்பும் கரியன. இடையே வெண்பட்டை ஒன்று மாலைபோல் விளங்கும். பெண் பறவையோ பழுப்பு நிறத்தது. இத்துணை ஒளி வாய்ந்த பறவையைக் காண்டல் அரிதாவது ஏன்? ஆள் வரவு அறிந்ததும், அது தன் பழுப்பு முதுகை நம் பக்கம் திருப்பி, கிளையில் அசையாது அமர்ந்துவிடும். செந்நிறம் மறைந்துபோம். காய்ந்த இலை என்றெண்ணி நாம் கடந்துவிடுவோம்.

மெல்லிய குரல் ஒன்று கேட்கின்றது. அனைவரும் நிற்கின்றனர். நெடுநேரம் ஒன்றும் புலப்படவில்லை. பின்னர், பூச்சியைப் பற்றக் கிளையினின்றும் ஒரு பறவை பாய்கின்றது. நெருப்புத் துண்டம் ஒன்று பறந்தது போலத் தோன்றி மறைகின்றது. காத்திருந்தவர் முகங்கள் மலர்கின்றன.

வழிகாட்டி அப்பால் நிற்கும் பட்ட மரம் ஒன்றைச் சுட்டுகின்றார். மரங்கொத்தியைப் போல வலிய மரத்தைத் துளைக்கும் ஆற்றல் தீக்காக்கைக்கு இல்லை. ஆதலின் அது உளுத்த மரத்தையே நாடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து அதனைக் குடைந்து பொந்து அமைத்து, முட்டையிட்டுக் குஞ்சுகளைப் பேணும். குஞ்சுகள் பறக்கத் தொடங்கிய பின்னரும் பல மாதங்கள் அவற்றைப் பிரியாது காக்கும்.

பட்ட மரத்தைக் கண்டால் விறகுக்கு ஆகும் என்றே நாம் எண்ணுகின்றோம். அதனை அகற்றிவிட்டால், பசிய மரங்கள் ஆயிரம் சூழ நின்றாலும் இப்பறவைக்கு வீடு இல்லை. அரிய பறவையைக் காண விரும்புவோர், முதலில் அந்த உளுத்த மரத்தைக் காத்தல் வேண்டும்.