கேமரா இருக்கு… முகம் தெரியுதா?

வாசலில் நிறுத்திய பைக்கைக் காணோம். "அதான் கேமரா இருக்கே!" என்று பதிவை ஓடவிட்டுப் பார்க்கிறீர்கள். ஒருவர் வருகிறார், வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். எல்லாம் தெரிகிறது. முகம் மட்டும் ஒரே கறுப்பு! இதை வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் என்ன சொல்வது?

பல நேரங்களில் கோளாறு கேமராவில் இருக்காது. மாட்டிய நாளில் வைத்த செட்டிங்கை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். செல்போன் ஆப்பிலோ, பதிவுப் பெட்டியின் மெனுவிலோ 'இமேஜ்' பகுதிக்குள் போனால் நீங்களே சரிசெய்யலாம். மாடலுக்கு மாடல் பெயர்கள் கொஞ்சம் மாறும்.

பின்னால் வெயில் அடித்தால்

கடைக்குள் இருந்து வாசலைப் பார்க்கும் கேமராவில், வருபவர் வெறும் நிழலாகத் தெரிவார். 'டபிள்யூடிஆர்' என்பதை ஆன் செய்யுங்கள். வெளிச்சமான இடம், இருட்டான இடம் இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து இது ஒரே படமாக்கித் தரும். அந்த வசதி இல்லையா? 'பிஎல்சி' போடுங்கள். பின்னணி வெளுத்துப் போகும். போகட்டும், நமக்கு முகம்தானே வேண்டும்! இரவில் படம் புள்ளி புள்ளியாக வந்தால் டபிள்யூடிஆரை அணைத்துப் பாருங்கள்.

ஹெட்லைட் கண்ணைக் கூசினால்

'ஹெச்எல்சி' அந்தக் கூச்சத்தைக் குறைக்கும். ஓடும் வண்டி கோடு இழுத்த மாதிரி தெரிந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை என்று அர்த்தம். 1/25-இல் இருப்பதை 1/100, 1/250 என்று கூட்டிப் பாருங்கள். படம் சற்று இருட்டாகும். அதற்கு வாசலில் ஒரு எல்இடி பல்பு போட்டால் போதும்.

இரவில் முகம் வெள்ளையாகப் போனால்

கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பக்கத்தில் வருபவர் மேல் அதிகமாக அடிக்கிறது. 'ஸ்மார்ட் ஐஆர்' ஆன் செய்யுங்கள். படம் முழுக்கப் புகை மூட்டமாக இருந்தால் செட்டிங்கைத் தேடாதீர்கள், ஒரு துணியைத் தேடுங்கள்! சிலந்தி வலை, தூசி, பக்கத்துச் சுவர் ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் ஒளிதான் பெரும்பாலும் காரணம்.

டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடித்தால்

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவில் 60 என்று இருந்தால் 50-க்கு மாற்றுங்கள்.

இன்றே ஒரு சோதனை

மதியம், சாயங்காலம், இரவு என மூன்று வேளையும் வீட்டில் ஒருவரை வாசலில் நடக்கச் சொல்லுங்கள். நேரலையை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். பதிவை நிறுத்தி, பெரிதாக்கி, முகம் அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். தேதியும் நேரமும் சரியா என்பதையும் கவனியுங்கள். கேமரா பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தால் கோணத்தைத் திருப்பிவிடுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் 112-க்கு அழையுங்கள். ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகும். அதனால் உடனே பதிவைத் தனியாக நகல் எடுங்கள், பெட்டியில் இருக்கும் மூலப் பதிவை அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி, இத்தகைய நகலை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க உரிய சான்றிதழும் தேவை. காவல் நிலையத்தில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பத்து நிமிட வேலைதான். பைக் தொலைவதற்கு முன்னால் செய்துவிடுங்கள்!