சொல்லி எழுதச் சொன்னவர், பத்திரிகை ஆசிரியர் ஆனார்

வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் பிறந்தார். சிறு குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். பாட்டியும் உறவினரும் அவரை வளர்த்தார்கள்.

அந்தக் காலத்தில் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் மிகக் குறைவு. 1901இல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அப்போது இந்தியாவில் நூறு பெண்களில் ஒருவருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியவில்லை. கோதைநாயகியும் பள்ளிக்கூடம் போகவில்லை.

ஐந்தரை வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் பார்த்தசாரதியும் அப்போது சிறுவர்தான். அவர்கள் வீடு சென்னை திருவல்லிக்கேணியில் இருந்தது.

கதை பிறந்தது

கோதைநாயகிக்குக் கதை சொல்லும் திறமை இருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்வார். பழைய கதைகளை மட்டும் சொல்லவில்லை. தாமே புதிய கதைகளைக் கட்டிச் சொன்னார். கணவர் அவரை நாடகம் பார்க்க அழைத்துப் போவார். தாமும் ஒரு நாடகம் எழுத வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தது.

ஆனால், எழுதத் தெரியாதே! என்ன செய்வது?

அவருக்குப் பட்டம்மாள் என்று ஒரு தோழி இருந்தார். கோதைநாயகி சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். இப்படி உருவான நாடகத்தின் பெயர் ‘இந்திர மோகனா’. அது அச்சில் வந்தது. பலரும் பாராட்டினார்கள்.

கோதைநாயகி அத்துடன் நிற்கவில்லை. தோழியிடமே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். அப்போது அவர் சிறுமி அல்ல. திருமணமாகிக் குடும்பம் நடத்திவந்த பெண்.

பத்திரிகை ஆசிரியர்

1925ஆம் ஆண்டில் ‘ஜகன்மோகினி’ என்ற மாதப் பத்திரிகையை அவர் ஏற்று நடத்தத் தொடங்கினார். கணவர் துணையாக இருந்தார்.

பத்திரிகை ஆசிரியரின் வேலை எளிதானது அல்ல. எதை வெளியிடுவது என்று முடிவு செய்ய வேண்டும். பிழைகளைத் திருத்த வேண்டும். அந்நாளில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்துத்தான் அச்சடித்தார்கள். காகிதம் வாங்கப் பணம் வேண்டும். சந்தா கட்டியவர்களுக்குத் தபாலில் இதழை அனுப்ப வேண்டும். இவ்வளவும் மாதாமாதம் தவறாமல் நடக்க வேண்டும். சுமார் 35 ஆண்டுகள் இந்தப் பணியைக் கோதைநாயகி செய்தார்.

பெண் கதை எழுதுவதா என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 115 நாவல்கள் எழுதினார். குழந்தைத் திருமணம், விதவைகளின் துன்பம், பெண் கல்வி ஆகியவற்றைக் கதைகளாக்கினார். வீட்டுக்குள் இருந்த பெண்கள் அவற்றைப் படித்தார்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சிந்தித்தார்கள். 1929இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது. அது பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 14 என்று வைத்தது. இன்று சட்டப்படி பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

மேடையும் சிறையும்

1925இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். கோதைநாயகி அவரைச் சந்தித்தார். அதன் பிறகு பட்டுப் புடவையையும் நகைகளையும் விட்டுவிட்டார். கதர் உடுத்தினார். ஊர் ஊராகச் சென்று மேடையில் பேசினார்.

குடியால் மிகவும் துன்பப்படுவது யார்? குடிப்பவரின் மனைவியும் பிள்ளைகளும்தான். அதனால் பெண்கள் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். கோதைநாயகியும் சேர்ந்துகொண்டார். அந்நியத் துணிக்கடை மறியலிலும் கலந்துகொண்டார். 1930களின் தொடக்கத்தில் சிறை சென்றார். சிறையிலும் நாவல் எழுதினார்.

நாடு விடுதலை அடைந்த பிறகு, அவருடைய தொண்டுக்காக அரசு அவருக்கு 10 ஏக்கர் நிலம் கொடுத்தது. அதை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஏழைகளுக்கு நிலம் வழங்கும் வினோபாவின் பூதான இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் காலமானார்.

கோதைநாயகியிடம் சொல்லக் கதைகள் இருந்தன. எழுத்து பிந்தி வந்தது. எழுத்து வந்த பிறகு, அவர் குரல் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனது. நம்மிடமும் சொல்ல வேண்டியவை பல உண்டு. நம் கைக்கும் இப்போது எழுத்து வந்திருக்கிறது.

சொல் அறிவோம்

சந்தா – பத்திரிகை பெற முன்னதாகக் கட்டும் பணம்
மறியல் – கடை முன் நின்று தடுத்துப் போராடுவது
பூதானம் – நிலத்தைத் தானமாகக் கொடுப்பது

பதில் சொல்வோம்

1. ‘இந்திர மோகனா’ நாடகத்தை எழுதிக் கொடுத்தவர் யார்?
2. பத்திரிகை ஆசிரியர் செய்யும் வேலைகள் எவை?
3. பெண்கள் கள்ளுக்கடை மறியல் செய்தது ஏன்?

செய்து பார்ப்போம்

உங்கள் தெருவில் எழுதத் தெரியாத ஒருவரிடம் பேசுங்கள். அவர் சொல்லும் செய்தியை ஐந்து வரிகளில் எழுதுங்கள். அவருக்கே படித்துக் காட்டுங்கள். பிறகு, அவர் பெயரை எழுத அவருக்குக் கற்றுக்கொடுங்கள்.